லிட்டர் வேறு, கிலோ வேறு! முதல் சோப்பு கற்றுத் தந்த கணக்கு

தஞ்சாவூர் மாவட்டம், பேராவூரணியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது. தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகத் திரிந்து, பக்கெட்டின் ஓரத்தில் படியும். மாதத்துக்கு எத்தனை சோப்பு வாங்கினாலும் போதாது என்பது அங்குள்ள பெண்களின் வழக்கமான குறை.

அப்படிப்பட்ட ஓர் ஊரில், ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கூட்டுக் குடும்பம் அது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. மறு ஆண்டு நட்ட நெட்டை ரகக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருக்கின்றன. மிஞ்சிய மரங்களின் காயில் வீட்டுக்குப் போக மீதியைக் கொப்பரை போட்டு, செக்கில் ஆட்டி எண்ணெயாக வைத்துக்கொள்வது வழக்கம்.

இந்த வீட்டின் இளைய மருமகளுக்குத்தான் சோப்பு செய்யும் யோசனை வந்தது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டார். மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். சொந்த மரத்து எண்ணெயில் செய்த சோப்பை, வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்தச் சோப்பு எந்தப் பைக்கும் போகவில்லை. அது நல்லதாகவே முடிந்தது. 'நான் செஞ்ச தப்பை நாலு பேர் செய்யாம இருந்தா சரி. பேரு மட்டும் வேணாம்' என்பது அவருடைய விருப்பம். அதனால் பெயர் இல்லை. நடந்தது மட்டும் இங்கே.

அலுமினியக் குண்டானில் தொடங்கிய வினை

செல்போனில் பார்த்த செய்முறையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். 'எண்ணெய் ஒரு கிலோ, காஸ்டிக் சோடா 183 கிராம், தண்ணீர் 350 கிராம்.' அவ்வளவுதான். காஸ்டிக் சோடாவை நிறுக்க ஒரு சிறிய டிஜிட்டல் தராசும் வாங்கினார்.

கொல்லைப்புறத்தில், புழக்கத்தில் இல்லாத பழைய அலுமினியக் குண்டானில் தண்ணீரை ஊற்றி, காஸ்டிக் சோடாவைப் போட்டார். சில நொடிகளில் 'புஸ்' என்று பொங்க ஆரம்பித்தது. மூக்கைத் துளைக்கும் ஆவி. குண்டானின் உட்புறம் கறுத்துப் போனது.

'ஏம்மா, அதைத் தொடாத! தள்ளி வா, தள்ளி வா' என்று மாமியார் கத்தியதில், கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு விலகி வந்தார். மூன்று வயது மகன் அந்த நேரத்தில் திண்ணையில் இருந்தான். கொல்லையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் அவருக்குக் கை நடுங்குகிறது.

காரணம் எளிது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அது தீப்பற்றக் கூடியது. பக்கத்தில் அடுப்பு எரிந்திருந்தால் விபத்துதான். அலுமினியம், ஈயம் பூசிய பாத்திரம், நாகப்பூச்சு கொடுத்த இரும்பு வாளி, பித்தளை ஆகிய எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரம் மட்டுமே சரி.

பொங்கியது அடங்கி ஆறிய பிறகு, கிணற்றுக்கும் தென்னைப் பாத்திக்கும் தள்ளி ஒரு குழியில் கொட்டி, நிறைய தண்ணீர் விட்டு மூடினார்கள். குண்டான் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

'ஒரு கிலோ'வில் ஒளிந்திருந்த பிழை

இரண்டு நாள் கழித்து மறுபடி இறங்கினார். இந்த முறை எவர்சில்வர் பாத்திரம். காஸ்டிக் சோடாவைத் தராசில் வைத்து 183 கிராம் சரியாக நிறுத்தார். தண்ணீரையும் நிறுத்தார். எண்ணெயை மட்டும் நிறுக்கவில்லை. செக்கில் லிட்டர் பாட்டிலில்தான் பிடித்துத் தந்திருந்தார்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்று எடுத்துக்கொண்டார்.

மோர் கடையும் மத்தால் முக்கால் மணி நேரம் கடைந்தார். கூழ்ப் பதம் வந்ததும், எண்ணெய்த்தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி மூடி வைத்தார். வெட்டுவதற்கு இரண்டாம் நாள்தான் நேரம் கிடைத்தது. கத்தியை அழுத்தியதும் சோப்பு கல்கண்டு போலத் தெறித்தது. ஒரு துண்டும் நேராக வரவில்லை.

உடைந்த துண்டு ஒன்றை எடுத்து மாமியார் கை கழுவிப் பார்த்தார். தினமும் மட்டை கிழித்துக் கீற்று முடைகிற கை. விரல் இடுக்கிலெல்லாம் வெடிப்பு. நுரை நன்றாகத்தான் வந்தது. ஆனால் அரை நிமிடத்தில் கை எரியத் தொடங்கி, தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் அலசிய பிறகே அடங்கியது.

'அரப்பு போட்டுக் குளிச்ச காலத்துல இப்படி எரிஞ்சதில்ல' என்றார் மாமியார், சோப்பைப் பார்த்து.

விடை கண்டுபிடித்தது பிளஸ் ஒன் படிக்கும் மூத்தார் மகள். தாளில் இருந்த கணக்கைப் பார்த்தாள். அதே அளவுள்ள இன்னொரு பாட்டில் எண்ணெயைத் தராசில் வைத்து, காலி பாட்டிலின் எடையைக் கழித்தாள்.

'சித்தி, இதுல ஒரு கிலோ இல்ல. 918 கிராம்தான் இருக்கு.'

தேங்காய் எண்ணெய் தண்ணீரை விட லேசானது. அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை சுமார் 920 கிராம். 918 கிராம் எண்ணெயைச் சோப்பாக்க 168 கிராம் காஸ்டிக் சோடா போதும். அவர் போட்டதோ 183 கிராம். மீதி 15 கிராம், சேர எண்ணெய் கிடைக்காமல் காரமாகவே சோப்புக்குள் நின்றுவிட்டது. மாமியாரின் கையை எரித்தது அதுதான்.

அன்றிரவே தாம்பூலப் பையில் சோப்பு வைக்கும் யோசனையைக் கைவிட்டார். 'கைக்குழந்தையோட வர்றவங்க எத்தனை பேரு! வீட்டுக்குப் போய் அதைப் புள்ளைக்குப் போட்டுத் தேய்ச்சிருந்தா?' என்பது அவருடைய கேள்வி.

எண்ணெய்க்கு எண்ணெய் கணக்கு மாறும்

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டாகும் புதுப் பொருள். இரண்டும் சரியான எடையில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா முழுவதும் தீர்ந்து, சோப்பும் கிளிசரினும் மட்டும் மிஞ்சும். எண்ணெய் கொஞ்சம் கூடினால் சோப்பு மிருதுவாகும். காஸ்டிக் சோடா கூடினால் தோல் எரியும். பயிருக்கு மருந்தை மூடிக் கணக்கில் ஊற்றுவது எவ்வளவு தவறோ, அதே அளவு தவறு சோப்பில் கண்ணளவும் லிட்டர் கணக்கும்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக் சோடா வேறு. 100 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாகத் தேவைப்படும் தோராய அளவு இதோ:

தேங்காய் எண்ணெய்: 18.3 கிராம்
வேப்பெண்ணெய்: 13.9 கிராம்
கடலை எண்ணெய்: 13.6 கிராம்
நல்லெண்ணெய்: 13.4 கிராம்
விளக்கெண்ணெய்: 12.8 கிராம்

தேங்காய் எண்ணெய்க்கு எழுதிய அளவைக் கடலை எண்ணெய்க்குப் போட்டால் என்ன ஆகும் என்பது இந்த ஐந்து வரியிலேயே தெரியும். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டுச் செய்முறையில் எண்ணெயை மட்டும் மாற்றிச் செய்வது ஆபத்து.

இன்னொன்று. மேலே உள்ள அளவை அப்படியே போடக் கூடாது. எண்ணெயின் தன்மை மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் சற்றே மாறும். தராசும் ஓரிரு கிராம் பிசகலாம். அதனால் கணக்கில் வருவதை விடக் குறைந்தது 5 சதவீதம் காஸ்டிக் சோடாவைக் குறைத்தே போட வேண்டும். முழுக்க முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்தால் 20 சதவீதம் வரை குறைக்கலாம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு அழுக்கை நன்றாக எடுக்கும். அதோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துவிடும். சோப்பாகாமல் மிஞ்சும் எண்ணெய் அந்த வறட்சியைத் தணிக்கும்.

இந்த மருமகள் எழுதி வைத்திருந்த 183 கிராம், இப்படிக் குறைக்காத முழு அளவு. எண்ணெய் சரியாக ஒரு கிலோ இருந்திருந்தாலும் அந்தச் சோப்பு கரடாகத்தான் இருந்திருக்கும். லிட்டர் கணக்கு அதன் மேல் விழுந்த இரண்டாவது அடி.

உப்புத் தண்ணீரில் ஏன் நுரைக்கிறது?

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து கிடைக்கும் சோப்பு, மற்ற எண்ணெய்ச் சோப்பை விட உப்பு நீரில் எளிதாகக் கரையும். கடல் நீரில் குளிக்க வேண்டிய மாலுமிகளுக்கு அந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெய்ச் சோப்பையே கொடுத்தார்கள். ஆனால் சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் இதுவும் ஓரளவு திரியத்தான் செய்யும். முழுவதும் தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எரிந்த சோப்பைக் காப்பாற்றியது எப்படி?

உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியவில்லை. கணக்குத் தெரிந்துவிட்டதால் திருத்த முடிந்தது. 183 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு, 5 சதவீதம் எண்ணெய்ப் பசை மிஞ்ச வேண்டுமானால் 1,053 கிராம் எண்ணெய் வேண்டும். இருந்தது 918 கிராம். குறைவது 135 கிராம்.

கையுறை போட்டுக்கொண்டு துண்டுகளைச் சீவி, எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டார். அரை டம்ளர் தண்ணீரும் 135 கிராம் எண்ணெயும் சேர்த்தார். அந்தப் பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் அவ்வப்போது கிளறினார். வெந்த கேப்பைக் களி போல ஒட்டாமல் திரண்டதும் டப்பாவில் அழுத்தி நிரப்பினார்.

பார்க்க வழுவழுப்பாக இல்லை. ஆனாலும் நான்கு வாரம் காய்ந்த பிறகு கை எரியவில்லை. முதல் முயற்சி என்பதால் அதை உடம்புக்குப் போடாமல், பாத்திரமும் துணியும் துவைக்க வைத்துக்கொண்டார்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். எதை எவ்வளவு போட்டோம் என்று எழுதி வைத்திருந்தால்தான் இப்படித் திருத்த முடியும். அளவு தெரியாமல் எரிகிற சோப்பைத் திருத்த முயல வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துவதே நல்லது.

முதல்முறை செய்பவர்களுக்கு: அரைக் கிலோ அளவு

மருமகள் அடுத்த முறை செய்து வெற்றி பெற்ற அளவு இது. எல்லாமே தராசில் நிறுத்த எடை.

தேங்காய் எண்ணெய்: 500 கிராம்
காஸ்டிக் சோடா: 73 கிராம்
தண்ணீர்: 165 கிராம்

கணக்கு: 500 கிராமுக்கு முழு அளவு 91.5 கிராம். அதில் 20 சதவீதம் குறைத்தால் 73.2 கிராம்.

1. வெயிலும் காற்றும் உள்ள வெளியிடத்தில் செய்யுங்கள். அடுப்படி வேண்டாம். குழந்தை, ஆடு, கோழி, நாய் எதுவும் அருகில் வராத நேரமாக இருக்கட்டும். ரப்பர் கையுறை, கண் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, செருப்பு நான்கும் கட்டாயம்.

2. உப்பில்லாத தண்ணீர் எடுங்கள். மழைநீரோ கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரோ சிறந்தது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் சோப்பைக் கெடுக்கும்.

3. தண்ணீரை முதலில் பாத்திரத்தில் ஊற்றி, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு எவர்சில்வர் கரண்டியால் கலக்குங்கள். ஒருபோதும் காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். எரிமலை போலத் தெறிக்கும். அடுப்பில் வைக்காமலேயே கரைசல் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். ஆவியை முகர வேண்டாம்.

4. பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கையுறையோடு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் வரை ஆற விடுங்கள். எண்ணெயும் அதே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் லேசாகச் சூடாக்கி உருக்கிக்கொள்ளுங்கள்.

5. கரைசலை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குங்கள். மத்தால் கடைந்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சோப்புக்கென்றே தனியாக ஒரு கை மிக்ஸி வைத்திருந்தால் சில நிமிடங்களில் பதம் வரும். கரண்டியால் எடுத்து மேலே ஊற்றினால் கோடு மறையாமல் சற்று நேரம் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

6. எண்ணெய்த்தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி மூடி வையுங்கள்.

7. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சீக்கிரம் இறுகும். மைசூர்பாகைச் சூட்டோடு துண்டு போடுவது போல, இதையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும். ஆறு மணி நேரத்திலிருந்து தொட்டுப் பாருங்கள். அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் நிலையில் வெட்டுங்கள். மறுநாள் வரை விட்டால் உடையும். வெட்டும்போதும் கையுறை வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் சோப்பில் காரம் இருக்கும்.

8. காற்றோட்டமுள்ள நிழலில், ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, நான்கு வாரமாவது காய விடுங்கள். வாரம் ஒருமுறை திருப்பி வையுங்கள்.

இந்த அளவில் ஏழு கட்டிகள் கிடைக்கும். வெட்டும்போது ஒவ்வொன்றும் நூறு கிராமுக்கு மேல் இருக்கும். தண்ணீர் வற்றி, மாதக் கடைசியில் பத்துப் பதினைந்து கிராம் குறைந்துவிடும். செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் காய்ந்த எடையை வைத்தே போட வேண்டும். எண்ணெயைச் சொந்தக் காய் என்று இலவசமாகக் கணக்கிடாமல், அன்றைய சந்தை விலையைப் போடுங்கள். அப்போதுதான் எண்ணெயாக விற்பது லாபமா, சோப்பாக்குவது லாபமா என்பது தெரியும்.

காஸ்டிக் சோடா பட்டுவிட்டால்...

தோலில் பட்டால், பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர் தடவ வேண்டாம். புண் இன்னும் மோசமாகும்.

கண்ணில் பட்டால், இமையைத் திறந்து பிடித்து 20 நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எரிச்சல் நின்றாலும் போக வேண்டும்.

குழந்தை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே போகும்போது புண்ணாக்கியது, வெளியே வரும்போதும் புண்ணாக்கும். வாயைக் கழுவிவிட்டு 108-ஐ அழையுங்கள். காஸ்டிக் சோடா பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கரைசலை ஒருபோதும் தண்ணீர் பாட்டிலிலோ டம்ளரிலோ வைக்காதீர்கள். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். மீதிக் காஸ்டிக் சோடாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, 'விஷம்' என்று பெரிதாக எழுதி, பூட்டி வையுங்கள்.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள்

காஸ்டிக் சோடா பயமாக இருக்கிறது. சலவை சோடா அல்லது ஆப்பசோடா போடலாமா?

முடியாது. இரண்டும் காரம்தான் என்றாலும், எண்ணெயை இந்த முறையில் சோப்பாக்கும் வலு அவற்றுக்கு இல்லை. சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியும் வேண்டாம். சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். வீட்டில் சிறு குழந்தை இருந்து, தனி இடமும் இல்லையென்றால், கடையில் விற்கும் ஆயத்தச் சோப்பு பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுவதே பாதுகாப்பு. அதில் காஸ்டிக் சோடாவைக் கையாளும் வேலை இல்லை.

மஞ்சள் தூள் சேர்த்தேன். சோப்பு செங்கல் நிறமாகிவிட்டதே?

ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான் இது. மஞ்சள் காரத்தில் சிவக்கும். கெடுதல் இல்லை. குப்பைமேனி, வேப்பிலை போன்ற பச்சைச் சாறும் சில வாரங்களில் பழுப்பாகும். சாறு சேர்ப்பதானால் அந்த எடைக்குத் தண்ணீரைக் குறையுங்கள். முதல்முறை எதுவும் சேர்க்காமல் செய்வதே நல்லது.

சோப்பின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. காரம் கூடிவிட்டதா?

மேலே மட்டும் மெல்லிய மாவு போல இருந்தால், அது காற்றுப் பட்டு உண்டான சோடா சாம்பல். துடைத்துவிடலாம். வெட்டிய இடத்தின் உள்ளே வெள்ளைக் கற்களோ, கசியும் நீரோ இருந்தால் அது காரம். பயன்படுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையில் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 9 முதல் 10 வரை காட்டுவது இயல்பு. 11-க்கு மேல் போனால் அந்தச் சோப்பை ஒதுக்கிவிடுங்கள்.

சிக்கு வாடை அடிக்கும் பழைய எண்ணெயில் செய்யலாமா?

செய்தால் சோப்பாகும். ஆனால் வாடை போகாது. கொஞ்ச நாளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழும். பாத்திரம், துணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் மட்டும் வறட்சியாக இருக்கிறது. வேறு எண்ணெய் கலக்கலாமா?

தேங்காய் எண்ணெய் 350 கிராம், கடலை எண்ணெய் 100 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். முழு அளவுக் காஸ்டிக் சோடா 64.05 + 13.6 + 6.4 = 84.05 கிராம். 5 சதவீதம் குறைத்தால் 80 கிராம். தண்ணீர் 165 கிராம். உப்புத் தண்ணீரில் நுரை சற்றுக் குறையும். தோலுக்கு இதமாக இருக்கும்.

விற்கலாமா?

நம் வீட்டுக்குச் செய்து பயன்படுத்துவதில் தடை இல்லை. விற்பனைக்கு என்றால் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகிவிடும். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படியும், 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படியும், தயாரிப்பு உரிமத்தை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பெற வேண்டும். உறையில் தயாரிப்பாளர் முகவரி, எடை, விலை, தயாரித்த மாதம் முதலிய விவரங்களும் இருக்க வேண்டும். 'சொறி போகும், படை போகும்' என்று எழுதினால் அது மருந்து என்று சொல்வதாகிவிடும். அப்படி எழுதவே கூடாது.

மகளிர் குழுவாகச் சேர்ந்து தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள், முதலில் முறையான பயிற்சி பெற்று, உரிமம் வாங்கிய பிறகே விற்பனைக்கு இறங்க வேண்டும். நான்கைந்து முறை வீட்டுக்குச் செய்து கை பழகாமல் முதலீடு போட வேண்டாம்.

காதுகுத்து முடிந்தது

காதுகுத்து குறித்த நாளில் நடந்தது. தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கும், தோப்பிலிருந்து பறித்த முற்றிய தேங்காய் ஒன்றும் வைத்துக் கொடுத்தார்கள். அரைக் கிலோ அளவில் செய்த ஏழு சோப்பும் அப்போது பரணில் காய்ந்துகொண்டிருந்தன. விழா முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் முதல் கட்டியை எடுத்தார்கள்.

முதலில் மருமகள் தன் முழங்கையின் உட்புறத்தில் தேய்த்து, ஒரு நாள் பார்த்தார். எரிச்சல் இல்லை. பிறகு மாமியார் கை கழுவினார். வெடிப்பு எரியவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே நுரை பொங்கியது.

'அடுத்த தடவை எண்ணெயையும் நிறுத்துப் போடு' என்று சொல்லிவிட்டுக் கீற்று முடையப் போனார் மாமியார். தராசு இப்போது அந்த வீட்டுப் பரணில், காஸ்டிக் சோடா டப்பாவுக்குப் பக்கத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. மூடியின் உட்புறம் மூத்தார் மகள் எழுதி ஒட்டிய தாள்: 'ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இல்லை.'